மேட்ச் முடிந்தால் மீன் விலை ஏறுமா? கொல்கத்தா டெர்பியின் 100 ஆண்டு பகைக்குப் பின்னணி என்ன?

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் படகுகள் என்ன பிடித்து வருகின்றன என்பதைப் பொறுத்துத்தான் அறந்தாங்கி மார்க்கெட்டில் மீன் விலை ஏறும், இறங்கும். கொல்கத்தாவில் ஒரு கால்பந்து மேட்ச்சின் முடிவுகூட மீன் விலையை ஏற்றிவிடும் என்பார்கள். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீனுக்குக் கிராக்கி. மோகன் பகான் ஜெயித்தால் இறாலுக்குக் கிராக்கி. இலிஷ் என்பது வேறொன்றும் இல்லை, நம் பக்கம் உல்லம் என்று சொல்கிற மீன்தான்.

ஒரே நகரம், ஒரே மொழி. அப்படியிருந்தும் இரண்டு தரப்பும் சாப்பிடும் மீன் வரைக்கும் பிரிந்து நிற்பது ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த இரண்டு அணிகள்?

மோகன் பகான்: 1889 ஆகஸ்ட் 15-ல் தொடங்கப்பட்டது. நிறம் பச்சை, அரக்குச் சிவப்பு. சின்னம் பாய்மரப் படகு.

ஈஸ்ட் பெங்கால்: 1920 ஆகஸ்ட் 1-ல் தொடங்கப்பட்டது. நிறம் சிவப்பு, தங்க மஞ்சள். சின்னம் தீப்பந்தம்.

மேற்கு வங்காளத்தையே பூர்வீகமாகக் கொண்டவர்களை அங்கே 'கொட்டி' என்பார்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து, அதாவது இன்றைய வங்கதேசப் பகுதியிலிருந்து வந்தவர்கள் 'பாங்கால்'. பொதுவாக கொட்டிகள் மோகன் பகான் பக்கம், பாங்கால்கள் ஈஸ்ட் பெங்கால் பக்கம். பேச்சு வழக்கு, சமையல், கல்யாணச் சடங்கு எல்லாவற்றிலும் இரு தரப்புக்கும் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு. பத்மா ஆற்று இலிஷ் பாங்கால்களின் பெருமை. இறால் கொட்டிகளின் அடையாளம்.

1911: வெறுங்காலில் கிடைத்த வெற்றி

1905-ல் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். அந்தக் கோபம் அடங்காத காலத்தில், 1911 ஜூலை 29-ல் ஐஎஃப்ஏ ஷீல்டு இறுதிப் போட்டி நடந்தது. ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற ஆங்கிலேய ராணுவ அணியை மோகன் பகான் 2-1 என்று தோற்கடித்தது. மோகன் பகான் வீரர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்காலில் ஆடினார்கள்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. அந்த அணியில் ஆடிய பலரின் பூர்வீகம் கிழக்கு வங்காளம். அன்றைக்கு மோகன் பகான் ஒரு தரப்பின் அணியாக இல்லை, வங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான அணியாகவே இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வங்காளப் பிரிவினையை ரத்து செய்வதாக ஆங்கிலேய அரசு அறிவித்தது. கூடவே தலைநகரையும் டெல்லிக்கு மாற்றியது.

1920: ஒரு வீரரைச் சேர்க்காததால் பிறந்த கிளப்

பகை தொடங்கியது நாட்டுப் பிரிவினையால் அல்ல. அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

1920 ஜூலை 28-ல் கூச் பெஹார் கோப்பைப் போட்டியில் மோகன் பகானும் ஜோராபகான் என்ற அணியும் மோதின. அதில் சைலேஷ் போஸ் என்ற வீரரை ஜோராபகான் நிர்வாகம் ஆட்டத்தில் சேர்க்கவில்லை. அந்த கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி சொல்லிப் பார்த்தார், நிர்வாகம் கேட்கவில்லை. அவர் கிழக்கு வங்காளத்து ஜமீன்தார். சைலேஷ் போஸும் அந்தப் பகுதிக்காரர். 'நம்ம ஊர்க்காரன் என்பதால்தான் ஒதுக்கினார்கள்' என்ற எண்ணம் வந்துவிட்டது. சௌத்ரி கிளப்பை விட்டு வெளியேறினார். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சில நாட்களில் புது கிளப்பைத் தொடங்கினார். பெயர் வைக்க ரொம்ப யோசிக்கவில்லை. சொந்த மண்ணின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

அப்போது கல்கத்தா லீக்கின் முதல் டிவிஷனில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் ஆட முடியாது என்று விதி இருந்தது. ஈஸ்ட் பெங்கால் போராடி அந்தக் கட்டுப்பாட்டை நீக்க வைத்தது. ஆங்கிலேய அணிகள் சம்மதித்தபோதும், உள்ளே இருந்த இரண்டு இந்திய அணிகளான மோகன் பகானும் ஆரியனும் எதிர்த்தன என்று கிளப்பின் வரலாறு சொல்கிறது. 1925 மே 28-ல் இரு அணிகளும் லீக்கில் முதன்முறையாக மோதின. ஈஸ்ட் பெங்கால் 1-0 என ஜெயித்தது.

1947: கிளப் ஒரு முகவரி ஆனது

அதுவரை இது மைதானத்துச் சண்டை. 1947-க்குப் பிறகு கதையே மாறிவிட்டது.

நாடு பிரிந்தபோது கிழக்கு வங்காளம் பாகிஸ்தானுக்குப் போனது. லட்சக்கணக்கான இந்துக் குடும்பங்கள் வீடு, நிலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு கொல்கத்தா வந்து சேர்ந்தன. சியால்தா ரயில் நிலைய நடைமேடையே பலருக்கு வீடாக இருந்தது. தெற்கு கொல்கத்தாவில் ஜாதவ்பூர், பிஜாய்கர் பகுதிகளில் காலி நிலங்களில் குடிசை போட்டு காலனிகளை உருவாக்கினார்கள். வேலைக்கும் வீட்டுக்கும் போட்டி வந்தது. வந்தவர்களின் பேச்சைக் கேலி செய்தார்கள். 'பாங்கால்' என்ற சொல்லே ஒரு வசவாகப் புழங்கியது.

அந்த நேரத்தில், விட்டு வந்த மண்ணின் பெயரோடு நகரத்தின் நடுவில் ஒரு கிளப் நின்றுகொண்டிருந்தது. அது ஜெயித்தால் இவர்களும் ஜெயித்த மாதிரி.

அறந்தாங்கிக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. பக்கத்திலேயே அழியாநிலையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. ஊரை விட்டு வந்தவர்கள் ஊர்ப் பெயரை ஏன் விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது கண்ணுக்கு முன்னால் பார்க்கிற விஷயம்தான்.

பிறகு 1971 வங்கதேசப் போரின்போது சுமார் 1 கோடி பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் போர் முடிந்ததும் திரும்பிப் போனாலும், அந்த ஆண்டுகளில் பழைய காயங்கள் மறுபடி கிளறப்பட்டன. 1975 செப்டம்பர் 30-ல் ஐஎஃப்ஏ ஷீல்டு இறுதிப் போட்டியில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று வென்றதை இன்றைக்கும் அதன் ரசிகர்கள் சொல்லிக் காட்டுவார்கள்.

அகதிகளின் கிளப்பைத் தூக்கி நிறுத்திய தென்னிந்தியர்கள்

பாங்கால்களின் கிளப் என்றால் அதில் ஆடியவர்கள் எல்லாம் பாங்கால்களா? இல்லை. 1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடிய ஐந்து பேரை 'பஞ்ச பாண்டவர்' என்றே கூப்பிட்டார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேருமே தென்னிந்தியர்கள். இவர்கள் காலத்தில் கிளப் 1949, 1950, 1951 என மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக ஐஎஃப்ஏ ஷீல்டை வென்றது. ஊரை இழந்து வந்த கூட்டம், வெளியூர்க்காரர்களைத் தங்கள் ஹீரோவாகக் கொண்டாடியது.

ஆர்வம் எல்லை மீறிய நாள்

1980 ஆகஸ்ட் 16-ல் ஈடன் கார்டன் மைதானத்தில் இரு அணிகளும் மோதின. கேலரியில் ரசிகர்களுக்குள் அடிதடி மூண்டு, நெரிசலில் 16 பேர் உயிரிழந்தார்கள். மேட்ச் பார்க்கப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. அவர்கள் நினைவாக ஆகஸ்ட் 16 'கால்பந்து ரசிகர்கள் தினம்' என்று ரத்த தான முகாம்களோடு கடைப்பிடிக்கப்படுகிறது.

அதற்குப் பிறகும் கூட்டம் குறையவில்லை. 1997 ஜூலை 13-ல் சால்ட் லேக் மைதானத்தில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியைப் பார்க்க வந்தவர்கள் 1,31,781 பேர். பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது.

வெளிநாட்டில் இப்படி உண்டா?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் கதை இதற்கு ரொம்ப நெருக்கமானது. பிழைப்பு தேடி அங்கே வந்த ஐரிஷ் கத்தோலிக்க ஏழைகளுக்கு உதவுவதற்காக 1887-ல் செல்டிக் கிளப் தொடங்கப்பட்டது. உள்ளூர் புராட்டஸ்டன்ட் தரப்பின் அணியாக ரேஞ்சர்ஸ் நின்றது. 1971 ஜனவரி 2-ல் இந்த இரு அணிகள் மோதிய நாளில், மைதானப் படிக்கட்டில் ஏற்பட்ட நெரிசலில் 66 பேர் இறந்தார்கள்.

ஸ்பெயினில் பார்சிலோனா, ரியல் மாட்ரிட் மோதலுக்குப் பின்னால் இருப்பது மொழி. சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில் கட்டலான் மொழி பொது இடங்களில் ஒடுக்கப்பட்டது. அப்போது அதைத் தைரியமாகப் பேசக்கூடிய இடமாக பார்சிலோனா மைதானம் இருந்தது.

நம் பக்கம் சென்னையின் எஃப்சி, கேரளா பிளாஸ்டர்ஸ் மேட்ச்சை 'தென்னிந்திய டெர்பி' என்கிறார்கள். இரண்டுமே 2014-ல் ஐஎஸ்எல் தொடருக்காகத் தொடங்கப்பட்ட கிளப்புகள். கூட்டமும் சத்தமும் உண்டு. ஆனால் இதன் பின்னால் கொல்கத்தா மாதிரி இடம்பெயர்ந்த வரலாறு எதுவும் கிடையாது.

இப்போது நிலைமை என்ன?

2020-ல் இரு அணிகளும் ஐஎஸ்எல் தொடருக்குள் வந்தன. நவம்பர் 27-ல் கோவாவில் நடந்த முதல் ஐஎஸ்எல் டெர்பியில் மோகன் பகான் தரப்பு 2-0 என வென்றது. இன்றைய இளம் ரசிகர்களில் பலர் கிழக்கு வங்காளத்தைப் பார்த்ததே இல்லை. கொட்டி வீட்டில் பாங்கால் மருமகள் என்பதெல்லாம் இப்போது சாதாரணம். டெர்பி நாளில் வீட்டுக்குள்ளேயே கிண்டல் நடக்கும், அவ்வளவுதான்.

2024 ஆகஸ்டில், கொல்கத்தா ஆர்ஜி கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டதால் நகரமே கொதித்தது. ஆகஸ்ட் 18-ல் நடக்க இருந்த டியூரண்ட் கோப்பை டெர்பி, பாதுகாப்புக் காரணம் சொல்லி ரத்து செய்யப்பட்டது. மேட்ச் இல்லை என்று தெரிந்தும் இரு அணி ரசிகர்களும் சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே திரண்டார்கள். இன்னொரு கொல்கத்தா கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். மோகன் பகான் கேப்டன் சுபாஷிஷ் போஸும் வந்தார். போலீஸ் தடியடி நடத்தியபோது இரண்டு ஜெர்சிக்காரர்களும் ஒரே பக்கம் நின்று அடி வாங்கினார்கள்.

1911-ல் ஒரே அணிக்காகக் கை தட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இவர்கள். அடுத்த டெர்பி வந்தால் மறுபடி எதிரெதிர் கேலரியில்தான் உட்காருவார்கள். மீன் கடையிலும் அன்றைக்கு ஒரே கேள்விதான் இருக்கும்: இலிஷா, இறாலா?