யாத்திரையும் தன்னனுபவமும்: ஏனுகுல வீராசாமையாவின் காசிப் பயணம் (1830–1831)

முன்னுரை

பயணம் ஒருவருக்குத் தனிப்பட்ட முறையில் என்ன பொருள் தந்தது என்னும் வினாவை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிப் பனுவல்களிடம் எழுப்புவது எளிதன்று. பயணி தம் மனநிலையை விரித்துரைக்கும் வழக்கம் தென்னிந்திய உரைநடையில் அன்று வேரூன்றியிருக்கவில்லை. ஏனுகுல வீராசாமையா தெலுங்கில் எழுதிய ‘காசியாத்திரை சரித்திர’த்தை ஆய்வாளர் பெரும்பாலும் தரவுச் சுரங்கமாகவே கையாண்டு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பாதை, நாணயம், வரி, சாதி வழக்கம் முதலியவற்றை அதிலிருந்து அகழ்ந்தெடுப்பது பயனுள்ள பணியே. ஆயினும் அவ்வாறு அகழும்போது பயணம் செய்த மனிதர் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார். அத்தரவுகளைக் கண்டு, ஒப்பிட்டு, எழுதி அனுப்பிய செயலே அவருக்குப் பயணத்தின் தனிப்பட்ட பொருளாக அமைந்தது என இக்கட்டுரை வாதிடுகிறது.

பயணமும் பயணியும்

வீராசாமையா சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். 1830 மே 18 அன்று சென்னையிலிருந்து புறப்பட்டு 1831 செப்டம்பர் 3 அன்று திரும்பினார். உறவினரும் பணியாட்களும் பல்லக்குத் தூக்குவோருமாக ஏறத்தாழ நூறு பேர் உடன் சென்றனர். திருப்பதி, கடப்பை, ஸ்ரீசைலம், ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர் வழியாகப் பிரயாகையையும் காசியையும் அடைந்து, கயை, கல்கத்தா, பூரி சென்று, கிழக்குக் கடற்கரை வழியே ஊர் மீண்டார். சென்னை மாகாணத்தின் முதல் இருப்புப் பாதை இராயபுரத்திலிருந்து திறக்கப்பட்ட ஆண்டு 1856. அதற்குக் கால் நூற்றாண்டு முன்னர் நிகழ்ந்த பயணம் இது. கம்பெனி ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாய் வந்ததும் 1835க்குப் பின்னரே. ஆகவே எல்லை மாறுந்தோறும் நாணயமும் அதன் மதிப்பும் மாறின. பிரயாகை, கயை, பூரி ஆகிய தலங்களில் கம்பெனி அரசே யாத்திரிகரிடம் வரி வசூலித்து வந்தது. அவ்வரி 1840இல்தான் நீக்கப்பட்டது. புண்ணியம் தேடிச் சென்றவர் ஒவ்வொரு கட்டத்திலும் கணக்குப் பார்க்கவும் வேண்டியிருந்தது.

நண்பருக்கு எழுதிய வழி

மரபுவழி யாத்திரையின் பயன் சென்றடையும் தலத்தில் இருக்கிறது. தல புராணங்கள் தீர்த்தத்தையும் மூர்த்தியையும் போற்றுமேயன்றி, இடையில் கிடக்கும் நெடுவழியைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. வீராசாமையா சடங்குகளைக் கைவிட்டவரல்லர். நீராடல், தானம், பிதிர்க்கடன் ஆகியவற்றைச் சிரத்தையோடு செய்த வைதிகர். எனினும் அவர் எழுத்தில் நெடுவழியே பேரிடம் பெறுகிறது. அடுத்த ஊர் எவ்வளவு தொலைவு, பாதை கல்லா சேறா, நல்ல தண்ணீர் உண்டா, தங்க இடம் கிடைக்குமா, கடைகளில் என்ன அகப்படும் என்பன போன்ற செய்திகளை அவர் சலிப்பின்றிப் பதிவு செய்கிறார். நவீன வாசகருக்கு இப்பகுதிகள் அலுப்பூட்டக்கூடும். பலரும் இவற்றைத் தாண்டிச் சென்று சுவையான வருணனைகளில் நிற்கின்றனர். என் கருத்தில் நூலின் உயிர் இந்த ‘அலுப்பான’ பகுதிகளிலேயே உள்ளது.

காரணம், இவை சென்னையிலிருந்த நண்பர் கோமளேசுவரன்பேட்டை சீனிவாச பிள்ளைக்காக எழுதப்பட்டவை. எழுதுமாறு வேண்டியவரும் அவரே. முகம் தெரிந்த ஒருவர் படிக்கப்போகிறார் என்னும் உணர்வே பயணியின் பார்வையை ஒழுங்குபடுத்தியது. தாம் பட்ட இன்னல் ஒவ்வொன்றையும் பின்னால் வருவோருக்குப் பயன்படும் குறிப்பாக அவர் மாற்றிக்கொண்டார். புண்ணியம் செய்தவரைச் சாரும். வழிக்குறிப்போ படிப்பவர் அனைவருக்கும் பொதுவாகும். தனிப்பட்ட பயணம் பொதுப்பொருளாகும் இம்மாற்றத்தை வீராசாமையா கொள்கையாக எங்கும் அறிவிக்கவில்லை. நாள்தோறும் எழுதிய பழக்கத்தினூடே அது நிகழ்ந்தது.

அவருடைய தொழிலையும் இங்குக் கருதவேண்டும். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கூறியதைக் கூட்டாமல் குறைக்காமல் மற்றொருவருக்கு எட்டச் செய்பவர். புதுச்சேரியில் 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையும் துபாசியே என்பது நினைவுகூரத்தக்கது. தென்னிந்தியாவில் ‘கண்டதை எழுதும்’ உரைநடை புலவர் மரபிலிருந்து மட்டும் கிளைத்ததன்று. இரு மொழிகளுக்கு இடையே நின்று பிழைத்தவர்களின் கணக்குப் புத்தகத்திற்கும் அதில் பங்குண்டு. வடநாட்டு அந்தணரின் உணவும் ஆசாரமும் தென்னாட்டு வழக்கிலிருந்து வேறுபடுவதைக் காணும்போதும் அவர் ஒப்பிடுகிறார், காரணம் தேடுகிறார். தம் ஊர் வழக்கம் பல வழக்கங்களுள் ஒன்றே என்னும் அறிவு சென்னையில் இருந்தபடியே அவருக்கு இவ்வளவு அழுத்தமாக வாய்த்திருக்க இயலாது.

பல்லக்கின் கீழ்

இவ்வாதத்திற்கு ஓர் எல்லை உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. உடன் சென்ற நூறு பேரும் அதே வழியைக் கடந்தனர். பல்லக்குத் தூக்கியோர் அவ்வழியைத் தோளிலும் காலிலும் அளந்தனர். அவர்களுக்கு இப்பயணம் கூலியா, காசியைக் கண்ட பேறா, இரண்டுமா? நூல் எசமானரின் கண்களால் எழுதப்பட்டது. இவ்வினாவுக்கு அவர்கள் குரலில் விடை அதில் இல்லை. பயணத்தின் தனிப்பட்ட பொருளைப் பேசும் ஆய்வுகள், எழுதுகோல் வைத்திருந்தவரின் பொருளையே பயணத்தின் பொருளாகக் கொண்டுவிடும் இடர் இங்கு வெளிப்படையாகத் தெரிகிறது. பாதையின் கடுமை பற்றிய குறிப்புகளை அவற்றைக் கால்நடையாகக் கடந்தவர்களின் உடல் அனுபவமாகவும் திருப்பிப் படிக்க இடமுண்டு. சேறு என்று அவர் எழுதிய இடத்தில் கால் புதைந்தது அவருடையதன்று.

வீராசாமையா 1836இல் மறைந்தார். எழுத்துகளைத் தொகுத்து 1838இல் சென்னையில் அச்சேற்றியவர் அதே சீனிவாச பிள்ளை. பின்னாளில் பச்சையப்பன் அறக்கட்டளைப் பணிகளில் முன்னின்ற அவர், நண்பர் தமக்கென எழுதியதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவில்லை. நூலின் மறுபதிப்பு 1869இல் வந்தது. 1941இல் திகவல்லி வேங்கட சிவராவ் அதை மீண்டும் பதிப்பித்தபோது, அதே காசிக்குச் சென்னையிலிருந்து சில நாட்களில் இரயிலில் சென்று சேர முடிந்தது. வழிகாட்டி நூல் என்ற நிலையில் அதன் தேவை அதற்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது.