பழைய ஆர்எக்ஸ் 100-க்கு என்ஜின் வேலை பார்த்தாச்சா? நண்பர்களோடு ட்ரிப் கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

யமஹா ஆர்எக்ஸ் 100. 1985-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து இந்தியாவுக்கு வந்து, 1996-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. இன்றைக்கும் டீக்கடை வாசலில் அந்தச் சத்தம் கேட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பா ஓட்டிய வண்டி, மாமா வீட்டு மாட்டுத் தொழுவத்தில் கிடந்த வண்டி என்று எதையாவது தேடிப் பிடித்து, என்ஜின் வேலை பார்த்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நண்பர்களோடு மலைக்குக் கிளம்புவதுதான் இப்போதைய ட்ரெண்ட்.

பிரச்சனை அந்த 'அடுத்த ஞாயிற்றுக்கிழமை'யில்தான் இருக்கிறது.

என்ஜின் 'பிடிக்கிறது' என்றால் என்ன?

ஆர்எக்ஸ் 100-ன் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரமும் 50 மி.மீ. கணக்குப் போட்டால் 98 சிசி. இந்தச் சின்ன என்ஜின் 7,500 ஆர்பிஎம்மில் 11 குதிரைத்திறன் தரும். வண்டியின் எடையோ சுமார் 100 கிலோதான். அதனால்தான் அந்தப் பாய்ச்சல்.

ஆனால் பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் இரும்பு. சூடானால் அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும். இரண்டுக்கும் நடுவே இருப்பது தலைமுடி அளவுக்கும் குறைவான இடைவெளி. ஆயில் குறைந்தாலோ, சூடு எல்லை மீறினாலோ பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். மெக்கானிக்குகள் 'என்ஜின் பிடிச்சிடுச்சு', 'சீஸ் ஆயிடுச்சு' என்று சொல்வது இதைத்தான். நெடுஞ்சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பிடித்தால் பின்சக்கரம் அப்படியே லாக் ஆகும். பின்னால் லாரி வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

புதிதாக ரீபோர் செய்த என்ஜினில் இந்த ஆபத்து அதிகம். புது பிஸ்டனும் ரிங்கும் சிலிண்டர் சுவரோடு இன்னும் பழகியிருக்காது.

வேலை நடக்கும்போது என்ன பார்க்கணும்?

முதலில் பிஸ்டன் கிட்டை வாங்கி, அதை லேத் கடைக்காரர் கையில் கொடுத்து, அந்த பிஸ்டனை அளந்து அதற்கேற்ற மாதிரி ரீபோர் செய்யச் சொல்ல வேண்டும். சிலிண்டரை முதலில் கடைந்துவிட்டு பிஸ்டன் தேடுவது தலைகீழ் வேலை. வழக்கமாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று ஓவர்சைஸ் போகும். 1.00 போட்டால் என்ஜின் 102 சிசி ஆகிவிடும். அதோடு அந்த சிலிண்டருக்கு ஆயுள் கிட்டத்தட்ட முடிந்தது. பழைய வண்டி வாங்குபவர்கள் 'இதுவரைக்கும் எத்தனாவது போர்?' என்று கேட்பது இதனால்தான்.

டூ ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் புகை போக, பெட்ரோல் கலவை வர ஓட்டைகள் உண்டு. அவற்றுக்குப் பெயர் போர்ட். ரீபோர் செய்ததும் அவற்றின் விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாக நிற்கும். அதை லேசாக மழுக்கிவிடாவிட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். அவசரத்தில் பல இடங்களில் விட்டுப்போகும் வேலை இது. கேட்டு வாங்குங்கள். பிஸ்டன் மேல் இருக்கும் அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். பிஸ்டன் பின்னின் சர்க்ளிப் புதுசாகத்தான் போடணும். பத்து, இருபது ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

மேலே மட்டும் வேலை பார்த்துவிட்டு, கீழே க்ராங்க்கை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? அப்படியென்றால் ராடு கிட் மாற்ற வேண்டும். அது பிரஸ்ஸில் வைத்து இறக்கி, டயல் கேஜ் வைத்து நேர் பார்க்கும் வேலை. சுத்தியலால் தட்டி ஏற்றுபவரிடம் கொடுக்காதீர்கள்.

க்ராங்க்கின் இரண்டு பக்கமும் உள்ள ஆயில் சீல்களையும் மாற்றிவிடுங்கள். மேக்னெட் பக்க சீல் போனால் என்ஜின் வெளிக்காற்றை உறிஞ்சும். கலவையில் பெட்ரோல் குறைந்து சூடு ஏறும். எல்லாம் புதுசாகப் போட்டும் என்ஜின் பிடித்ததற்குக் காரணம் தெரியாமல் விழிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து எரிக்கும். வெள்ளைப் புகை வரும், கியர் ஆயிலும் குறைந்துகொண்டே போகும்.

புதுப்பேட்டை போகும் முன் ஒரு நிமிஷம்

சென்னையில் புது ஸ்பேர்ஸுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய பாகங்களுக்கு புதுப்பேட்டை. உடைந்த க்ராங்க் கேஸுக்குப் பதில் புதுப்பேட்டையில் ஒன்று வாங்கி மாட்டிவிடலாம்தானே? மாட்டலாம். ஆனால் என்ஜின் எண் அடித்திருப்பதே க்ராங்க் கேஸில்தான். ஆர்சி புத்தகத்தில் ஒரு எண், வண்டியில் வேறு எண் என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வரும். ஆர்டிஓ ஒப்புதல் இல்லாமல் என்ஜின் மாற்ற முடியாது. அந்த கேஸ் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் கதையே வேறு.

ஆர்சியின் தேதியையும் பாருங்கள். பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும், பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். கடைசியாக 1996-ல் பதிவான வண்டிக்கே அந்த 15 ஆண்டு 2011-ல் முடிந்துவிட்டது.

ஆயில் கணக்கு

ஆர்எக்ஸ் 100-ல் 2டி ஆயிலுக்குத் தனி டேங்க்கும் பம்ப்பும் உண்டு. பல வண்டிகளில் அந்த பம்ப்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டுவார்கள். உங்கள் வண்டி எந்த ரகம் என்று தெரியாமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். பம்ப் இல்லாத வண்டிக்கு வெறும் பெட்ரோல் போட்டால் என்ஜின் வேலைக்குக் கொடுத்த மொத்தப் பணமும் போச்சு.

கலந்து ஓட்டினால் லிட்டருக்கு 20 மி.லி. என்பது 50-க்கு 1 என்ற விகிதம். ரன்னிங்-இன் முடியும்வரை 30 மி.லி. வரை போடச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. பங்க்கில் ஆயிலை முதலில் ஊற்றி அதன்மேல் பெட்ரோல் பிடித்தால் நன்றாகக் கலக்கும்.

முதல் 500 கிலோமீட்டர் 40-ஐத் தாண்டாதீர்கள். அடுத்த 500-க்கு 60. ஒரே வேகத்தில் பிடித்து ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டணும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஆறவிடணும். சொந்த ஊரைச் சுற்றியே ஓட்டுங்கள். இந்த 1,000 கிலோமீட்டர் முடியாமல் தேதி குறிப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. ட்ரிப் தேதியை நண்பர்களின் லீவு முடிவு செய்யக்கூடாது, ஓடோமீட்டர் முடிவு செய்யணும். பழைய வண்டியில் ஓடோமீட்டர் வேலை செய்கிறதா என்பது தனி விஷயம்!

முதல் ட்ரிப் எங்கே?

சென்னையில் இருப்பவர்களுக்கு நம் சிபாரிசு ஏலகிரி. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக சுமார் 230 கிலோமீட்டர். மலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள்தான். தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயரை அந்த வளைவுகளுக்கு வைத்திருக்கிறார்கள். அந்த வள்ளல்களில் ஒருவரான ஓரி ஆண்ட கொல்லிமலைக்கும் ஆசை வரும். அங்கே 70 வளைவுகள். அது இரண்டாவது ட்ரிப்புக்கு இருக்கட்டும். ஊட்டி, கொடைக்கானல் என்றால் 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது, கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

லிட்டருக்கு 35 கிலோமீட்டர் என்று வைத்தால் ஏலகிரி போய்வர 13 லிட்டர் பெட்ரோல் ஆகும். 20 மி.லி. கணக்கில் 260 மி.லி. ஆயில். அரை லிட்டர் பாட்டில் ஒன்று பையில் இருந்தால் போதும். கூடவே ஒரு ஸ்பார்க் ப்ளக், ப்ளக் ஸ்பேனர், கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள்.

குழுவில் புல்லட்டும் புது வண்டிகளும் இருக்கும். வேகத்தை முடிவு செய்ய வேண்டியது புதிதாக வேலை பார்த்த வண்டிதான். அதை இரண்டாவதாக விட்டு, வழி தெரிந்தவர் முன்னாலும், டூல்ஸ் வைத்திருப்பவர் கடைசியிலும் வரட்டும். 60 கிலோமீட்டருக்கு ஒரு டீ. ஓட்டும்போது இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் லீவர் மேல் இருக்கட்டும். திடீரென்று இழுவை குறைந்து, என்ஜினிலிருந்து 'கீ'ச்சென்று சத்தம் வந்தால் யோசிக்காமல் கிளட்ச்சைப் பிடித்து ஓரம் கட்டுங்கள். உடனே கிக்கரை உதைக்க வேண்டாம், ஆறட்டும்.

ஏறும்போது பயப்படுபவர்கள் இறங்கும்போது அசட்டையாக இருப்பார்கள். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் வண்டியில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடி, கியரில் இறங்கினால் என்ஜின் வேகமாகச் சுற்றும், ஆயிலோ உள்ளே போகாது. நீண்ட இறக்கத்தில் அவ்வப்போது லேசாக ஆக்சிலேட்டரைத் திருகி விடுங்கள். பிரேக் இரண்டுமே டிரம், தொடர்ந்து பிடித்தால் சூடாகி பிடிமானம் குறையும். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி ஆறவிட்டு இறங்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் என்ஜின் ஆறிய பிறகு ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் நிறம் என்றால் எல்லாம் சரி. கருப்பாக, ஈரமாக இருந்தால் ஆயில் அல்லது பெட்ரோல் அதிகம். வெளுத்துப் போயிருந்தால் என்ஜின் அதிகச் சூட்டில் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த ட்ரிப் பேசும் முன் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டு கார்புரேட்டரையும் அந்த மேக்னெட் பக்க சீலையும் பார்க்கச் சொல்லுங்கள்.