பெனே இஸ்ரவேலரின் பண்டிகைகள்

மராட்டியத்தின் கொங்கண் கரையில், இந்து, முஸ்லிம் குடும்பங்களுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த யூதர்கள் பெனே இஸ்ரவேலர். பலருக்குச் செக்காட்டுவதே தொழிலாக இருந்தது. சனிக்கிழமை ஓய்வுநாள் என்று செக்கை நிறுத்திவிடுவார்கள். ஊரார் அதையே பெயராக்கி ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை வாணியர் என்றழைத்தனர். சடங்குக்குரிய திராட்சை மது கிடைக்காததால், உலர்திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாறு கிண்ணத்தை நிரப்பியது. எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் படைக்கும் ‘மலிதா’ இன்னும் அழகு: நனைத்த அவலில் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் பிசிறி, மேலே பழங்களை அடுக்குவார்கள். மரங்களின் புத்தாண்டான தூ பிஷ்வாத் நாளிலும் இது உண்டு. அண்டை வீட்டார் உண்ணும் அதே அவல்தான். பிரார்த்தனை மட்டும் எபிரேயத்தில். மும்பையில் இவர்களது முதல் தொழுகைக்கூடம் 1796இல் எழுந்தது.