நாலு புள்ளியில் தோற்ற பாட்டு

போட்டியில் முதல் பரிசு வாங்கியவர் பெயர்தான் நிற்கும், இரண்டாவது வந்தவரை யார் கேட்கிறார்கள் என்று சொல்வோம் இல்லையா? அந்தப் பேச்சைப் பொய்யாக்கிய ஒரு ஸ்பானியப் பாட்டின் கதை இது. பாட்டின் பெயர் 'எரெஸ் தூ'. 'நீதான்' என்று அர்த்தம்.

முதலில் போட்டியைப் பற்றிக் கொஞ்சம். யூரோவிஷன் பாட்டுப் போட்டி 1956-ல் தொடங்கியது. ஒவ்வொரு நாட்டின் தொலைக்காட்சி நிறுவனமும் ஒரு புதுப் பாட்டை அனுப்பும். எல்லா நாடுகளிலும் ஒரே இரவில் நேரடி ஒளிபரப்பு. தன் நாட்டுப் பாட்டுக்குத் தானே புள்ளி போட்டுக்கொள்ள முடியாது.

1973 ஏப்ரல் 7-ம் தேதி லக்சம்பர்க் நகரில் 17 நாடுகள் மோதின. ஸ்பெயின் சார்பாக வந்தது மோசெதாதெஸ் என்ற குழு. பில்பாவோ நகரைச் சேர்ந்த ஆறு பேர். அதில் மூன்று பேர் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பாட்டை எழுதி இசையமைத்தவர் ஹுவான் கார்லோஸ் கால்டெரோன். அமாயா உராங்கா தனியாக, தாழ்ந்த குரலில் ஆரம்பிப்பார். மற்றவர்கள் பிறகு சேர்ந்துகொள்ள, பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து கடைசியில் அரங்கையே நிரப்பும். காதலரைத் தண்ணீர், நெருப்பு என்று அன்றாடப் பொருட்களோடு ஒப்பிடுகிற எளிமையான வரிகள். ஆட்டம் பாட்டம் எதுவும் கிடையாது.

இப்போது கணக்குக்கு வருவோம். பி.காம் படிக்கிறவர்களுக்கு இந்த இடம் பிடிக்கும்! அந்த வருடம் நாட்டுக்கு இரண்டு நடுவர்கள். ஒருவர் 25 வயதுக்கு உட்பட்டவர், இன்னொருவர் அதற்கு மேல். ஒவ்வொருவரும் ஒரு பாட்டுக்கு 1 முதல் 5 வரை புள்ளி போடலாம். அப்படியானால் ஒரு பாட்டுக்கு மற்ற 16 நாடுகளிலிருந்து அதிகபட்சம் 160 புள்ளி. லக்சம்பர்க்குக்காகப் பாடிய ஆன் மாரி டேவிட் 129 வாங்கினார். ஸ்பெயினுக்கு 125. பிரிட்டனின் கிளிஃப் ரிச்சர்டுக்கு 123. சதவீதத்தில் சொன்னால் 80.6-க்கும் 78.1-க்கும் உள்ள வித்தியாசம். 32 நடுவர்களில் நாலே நாலு பேர் ஸ்பெயினுக்கு ஒரு புள்ளி கூடப் போட்டிருந்தால் சமநிலை!

இந்தப் போட்டியில் இன்னொரு விஷயமும் உண்டு. 1966 முதல் 1972 வரை ஒவ்வொரு நாடும் தன் மொழியில்தான் பாட வேண்டும் என்று விதி இருந்தது. 1973-ல் அதைத் தளர்த்தினார்கள். பின்லாந்து, நார்வே, ஸ்வீடன் எல்லாம் உடனே ஆங்கிலத்துக்குத் தாவின. பெரிய சந்தை, பெரிய விற்பனை. வியாபாரமாகப் பார்த்தால் சரியான முடிவுதான். மோசெதாதெஸ் ஸ்பானியத்திலேயே பாடினார்கள்.

அடுத்த வருடம் நடந்ததுதான் வேடிக்கை. 1974-ல் ஸ்வீடனின் ஆபா குழு 'வாட்டர்லூ'வை ஆங்கிலத்தில் பாடி யூரோவிஷனை வென்றது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் அது 6-வது இடம் வரை போனது. அதே 1974-ல், அதே பட்டியலில், 'எரெஸ் தூ' 9-வது இடம் வரை போனது. அதுவும் ஸ்பானியத்தில்! இதன் ஆங்கில வடிவம் அமெரிக்க இசைத்தட்டின் மறுபக்கத்தில் தயாராகவே இருந்தது. மக்களுக்குப் பிடித்தது மொழி புரியாத பக்கம்தான்.

உடனே "தாய்மொழி வென்றது" என்று கொடி பிடிக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பில்பாவோ இருப்பது பாஸ்க் பகுதியில். பாஸ்க் மொழிக்கும் ஸ்பானியத்துக்கும் உறவே கிடையாது. 1973-ல் ஸ்பெயினை ஆண்டவர் சர்வாதிகாரி பிராங்கோ. பாஸ்க், கத்தலான் மொழிகள் அவர் ஆட்சியில் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1968-ல் ஸ்பெயின் சார்பாகப் பாட வேண்டியவர் ஹுவான் மனுவேல் செர்ராட். கத்தலானில்தான் பாடுவேன் என்று அவர் நின்றார். அவரை எடுத்துவிட்டு மாசியேல் என்ற பாடகியை அனுப்பினார்கள். அவர் ஸ்பானியத்தில் பாடி ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றார். ஆக, 'நாட்டின் மொழி' என்று போட்டி சொன்னதும் அந்த மக்கள் வீட்டில் பேசியதும் எப்போதும் ஒன்றாக இருக்கவில்லை. மோசெதாதெஸ் பிறகு 'எரெஸ் தூ'வை பாஸ்க் மொழியிலும் பாடிப் பதிவு செய்தார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இந்தப் பாட்டின் மேல் ஒரு புகாரும் உண்டு. 1966-ல் யூகோஸ்லாவியா சார்பாக பெர்த்தா அம்ப்ரோஷ் ஸ்லோவேனிய மொழியில் பாடிய 'ப்ரெஸ் பெசெத்' பாட்டின் மெட்டு இதில் இருக்கிறது என்றார்கள். ஆனால் பாட்டு போட்டியிலிருந்து நீக்கப்படவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

2005-ல் யூரோவிஷனின் 50 ஆண்டு நிறைவை ஒட்டி கோபன்ஹேகனில் விழா எடுத்தார்கள். அதுவரை வந்த பாடல்களிலிருந்து 14 மட்டும் தேர்வாகின. முதல் பரிசு வாங்காமல் அதில் இடம் பிடித்தவை மூன்றே பாட்டுகள். 1973-ல் வென்ற பாட்டு அந்தப் பட்டியலில் இல்லை. நாலு புள்ளியில் தோற்ற பாட்டு இருந்தது.