கெய்கோ ஃபுக்குடா

கெய்கோ ஃபுக்குடா (ஏப்ரல் 12, 1913 – பெப்ரவரி 9, 2013) ஜப்பானில் பிறந்து, ஐக்கிய அமெரிக்காவில் குடியேறி வாழ்ந்த ஜூடோ ஆசிரியை ஆவார். ஜூடோக் கலையைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோவிடம் நேரடியாகப் பயின்றவர்களுள் இறுதிவரை உயிர் வாழ்ந்தவர் இவரே. ஜூடோ வரலாற்றில் பெண் ஒருவர் அடைந்த மிக உயர்ந்த தரநிலையும் இவருடையதே. பெண்களுக்கு 5 ஆம் டானுக்கு மேல் தரநிலை வழங்குவதில்லை என்னும் வழக்கத்தினால் இவர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஒரே தரநிலையில் நிறுத்தப்பட்டிருந்தார். அவ்வழக்கம் மாறுவதற்கு இவரும் இவருடைய மாணவியரும் காரணமாயினர். ஜப்பானிய வழக்கப்படி குடும்பப் பெயர் முன்னால் வருமாதலால் அந்நாட்டில் இவர் பெயர் ஃபுக்குடா கெய்கோ என எழுதப்படுகின்றது.

குடும்பப் பின்னணி

கெய்கோ ஃபுக்குடா டோக்கியோ நகரில் பிறந்தார். இவருடைய பாட்டனார் ஃபுக்குடா ஹச்சினோசுக்கே, ஆயுதமின்றிப் போரிடும் பழைய கலையாகிய ஜூஜுட்சுவில் தென்ஜின் ஷின்யோ என்னும் மரபைச் சேர்ந்த ஆசான். 1877 ஆம் ஆண்டில் டோக்கியோப் பல்கலைக்கழக மாணவராக இருந்த ஜிகோரோ கானோ, மெலிந்த உடலினராகிய தாம் வலியவர்களை எதிர்கொள்ளும் வழியைத் தேடி இவரிடமே முதலில் மாணவராகச் சேர்ந்தார். 1879 ஆம் ஆண்டில் ஹச்சினோசுக்கே இறந்தபின், அம்மரபின் ஓலைச்சுருள்கள் போன்று போற்றப்பட்ட கைச்சுவடிகளை அவர் குடும்பத்தார் கானோவிடம் ஒப்படைத்தனர்.

அதன்பின் வேறு ஆசான்களிடமும் பயின்ற கானோ, ஆபத்தான உத்திகளை விலக்கி, கல்விக்கும் ஒழுக்கத்துக்கும் ஏற்ற முறையாக ஜூடோவை வகுத்தார். 1882 ஆம் ஆண்டில் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் கோடோகன் என்னும் பயிற்சிக்கூடத்தை நிறுவினார். ஆகவே ஜூடோவின் மூலவேர்களுள் ஒன்று ஃபுக்குடாவின் குடும்பத்திலேயே இருந்தது எனலாம். எனினும் ஹச்சினோசுக்கே மறைந்து 30 ஆண்டுகளுக்கு மேல் சென்றபின் பிறந்த கெய்கோ, பாட்டனாரைக் கண்டதில்லை.

இவர் சிறு குழந்தையாக இருந்தபோதே தந்தையார் காலமானார். அக்கால ஜப்பானியப் பெண்களுக்கு உரியனவாகக் கருதப்பட்ட எழுத்தணிக்கலை, மலரலங்காரம், தேநீர்ச் சடங்கு ஆகியவற்றைக் கற்று இவர் வளர்ந்தார். பிற்காலத்தில் ஷோவா மகளிர் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய இலக்கியத்தில் பட்டம் பெற்றார்.

கோடோகனில் பயிற்சி

தம் முதல் ஆசானின் குடும்பத்தை மறவாத கானோ, அவருடைய பேத்தியைத் தாமே ஜூடோ கற்க அழைத்தார். தாயாருடன் சென்று பெண்களின் பயிற்சியைப் பார்த்த ஃபுக்குடா, 1935 ஆம் ஆண்டில் கோடோகனின் மகளிர் பிரிவில் சேர்ந்தார். அப்பிரிவில் 24 பெண்களே பயின்று வந்தனர். தாயாரும் உடன்பிறந்தவரும் இம்முடிவை ஆதரித்தனர். மாமன் ஒருவர் எதிர்த்தார். ஜூடோ பயிலும் ஆடவர் ஒருவரை இவர் மணந்துகொள்ளக்கூடும் என்பது குடும்பத்தாரின் எதிர்பார்ப்பாக இருந்தது. ஆனால் ஃபுக்குடா இறுதிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. ஜூடோவையே தாம் மணந்துகொண்டதாகப் பின்னாளில் அவர் கருதினார்.

கானோ 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பெண்களுக்கு ஜூடோ கற்பித்திருந்தபோதிலும், கோடோகனில் மகளிர் பிரிவு முறையாக அமைக்கப்பட்டது 1926 ஆம் ஆண்டிலாகும். பெண்களுக்கான பயிற்சியில் கட்டா எனப்படும் வரையறுக்கப்பட்ட அசைவு முறைகளுக்கு முதன்மை அளிக்கப்பட்டது. போட்டிகளில் பங்குபற்ற அவர்கள் அனுமதிக்கப்படவில்லை. பெண்கள் அணிந்த கறுப்புப் பட்டியின் நடுவே நீளவாக்கில் வெள்ளைக் கோடொன்று இடப்பட்டு, அது ஆடவரின் பட்டியிலிருந்து வேறுபடுத்தப்பட்டது.

ஃபுக்குடாவின் உயரம் ஏறத்தாழ 150 செ.மீ, எடை 45 கிலோகிராமுக்கும் குறைவு. எதிராளியின் வலிமையோடு மோதாமல், அதற்கு இணங்கி வளைந்து, அவ்வலிமையையே பயன்படுத்துவது ஜூடோவின் அடிப்படைக் கொள்கையாதலால், சிறிய உடல் இவருக்குத் தடையாக அமையவில்லை. கானோவிடமும், புகழ்பெற்ற ஆசானாகிய கியூசோ மிஃபுனேயிடமும் பயின்ற இவர், 1937 ஆம் ஆண்டில் பயிற்றுநர் ஆனார். அடுத்த ஆண்டு மே 4 ஆம் நாள், கெய்ரோவில் நடைபெற்ற அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் கூட்டத்திலிருந்து நாடு திரும்பும் வழியில் கானோ கப்பலிலேயே காலமானார். தம் மாணவர்கள் வெளிநாடுகளுக்குச் சென்று ஜூடோவைப் பரப்ப வேண்டும் என்பது அவருடைய விருப்பமாக இருந்தது. ஃபுக்குடா அதனைத் தம் கடமையாக ஏற்றுக்கொண்டார்.

ஜூ-நோ-கட்டா

ஃபுக்குடாவின் பெயரோடு சேர்த்து நினைக்கப்படுவது ஜூ-நோ-கட்டா ஆகும். மென்மையின் கட்டா எனப் பொருள்படும் இது 1887 ஆம் ஆண்டளவில் கானோவினால் உருவாக்கப்பட்டது. தொகுதிக்கு ஐந்தாக மூன்று தொகுதிகளில் மொத்தம் 15 உத்திகளைக் கொண்டது. இதனை இருவர் இணைந்து செய்வர். ஒருவர் மெதுவாகத் தாக்குவார். மற்றவர் அவ்விசைக்கு இணங்கித் திரும்பி, தாக்கியவரின் சமநிலையைக் குலைத்துத் தம் கட்டுக்குள் கொண்டுவருவார். கண்களை நோக்கி நீட்டப்படும் கைவிரல்களை எதிர்கொள்வது இதன் முதல் உத்தியாகும்.

இக்கட்டாவில் எவரும் தரையில் வீழ்த்தப்படுவதில்லை. தூக்கப்பட்டவர் மீண்டும் நின்ற நிலையிலேயே இறக்கிவிடப்படுவார். ஆகவே பயிற்சி உடையோ பாயோ இன்றியும் இதனைப் பயில இயலும். வேகமும் பலமும் மறைக்கக்கூடிய பிழைகள், மெதுவான இவ்வசைவுகளில் வெளிப்பட்டுவிடுகின்றன. பெண்களுக்கு ஏற்ற எளிய பகுதி என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒன்றை, ஜூடோவின் அடிப்படையையே விளக்கும் பாடமாக ஃபுக்குடா கற்பித்தார்.

1964 ஆம் ஆண்டு டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளில் ஜூடோ முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அங்கு ஃபுக்குடாவும் கோடோகனின் மற்றொரு ஆசிரியையான மசாக்கோ நோரித்தோமியும் ஜூ-நோ-கட்டாவைச் செய்து காட்டினர். ஆனால் அவ்வொலிம்பிக்கில் ஜூடோப் போட்டிகள் ஆடவருக்கு மட்டுமே நடத்தப்பட்டன.

அமெரிக்காவில்

ஃபுக்குடா 1953 ஆம் ஆண்டில் 5 ஆம் டான் தரநிலையைப் பெற்றார். கறுப்புப் பட்டி பெற்றோருக்கு வழங்கப்படும் படிநிலைகளே டான் எனப்படுகின்றன. 1 முதல் 10 வரையான படிகளில் எண் கூடுந்தோறும் தரநிலை உயரும். அதே ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லண்ட் நகரிலிருந்த ஜூடோக் கழகமொன்றின் அழைப்பை ஏற்று அமெரிக்கா சென்று, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தங்கிக் கற்பித்தபின் ஜப்பான் திரும்பினார்.

1966 ஆம் ஆண்டில் மீண்டும் கலிபோர்னியா சென்று பல இடங்களில் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். அப்போது உலகில் 5 ஆம் டான் தரநிலை பெற்றிருந்த பெண்கள் நால்வரே. ஓக்லண்டில் உள்ள மில்ஸ் கல்லூரியில் இவர் செய்து காட்டிய ஜூடோவைக் கண்ட அக்கல்லூரி நிருவாகத்தினர், உடனே இவருக்கு ஆசிரியப் பணி வழங்க முன்வந்தனர். பெண்களுக்கான கல்லூரியாக விளங்கிய அந்நிறுவனத்தில் 1967 முதல் 1978 வரை இவர் பணியாற்றினார். பின்னர் ஜப்பானியக் குடியுரிமையைத் துறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

கல்லூரிப் பணியுடன், சான் பிரான்சிஸ்கோ நகரில் தாம் தங்கியிருந்த மாணவி ஒருவரின் இல்லத்திலும் இவர் ஜூடோ கற்பித்தார். மாணவியர் தொகை பெருகவே, வகுப்பு சோகோஜி என்னும் சென் பௌத்த கோயிலுக்கு மாற்றப்பட்டது. இவ்வகுப்பே சோகோ ஜோஷி ஜூடோக் கழகமாக வளர்ந்து, பின்னர் அந்நகரின் நோயி பள்ளத்தாக்குப் பகுதியில் தனக்கென இடம் பெற்றது. சோகோ என்பது சான் பிரான்சிஸ்கோவைக் குறிக்கும் பழைய ஜப்பானியப் பெயர். ஜோஷி என்பது பெண்களைக் குறிக்கும் சொல். பெண்கள் ஒன்றுகூடிப் பயில்வதற்கென 1974 ஆம் ஆண்டில் ஆண்டுதோறும் நடைபெறும் பயிற்சி முகாமொன்றையும் இவர் தொடங்கினார். ஆஸ்திரேலியா, கனடா, பிரான்சு, நார்வே, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளிலும் இவர் ஜூடோ கற்பித்துள்ளார்.

வலிமையுடன் இரு, மென்மையுடன் இரு, அழகுடன் இரு என்பதே இவர் மாணவருக்கு அளித்த முதன்மையான அறிவுரையாகும். இங்கே அழகு என்பது புறத்தோற்றத்தை அன்றி, உள்ளத்தின் பண்பையே குறித்தது.

தரநிலை உயர்வும் தடையும்

அக்காலத்தில் கோடோகனில் பெண்களுக்கு 5 ஆம் டானுக்கு மேல் தரநிலை வழங்கப்படவில்லை. இதனால் 1953 ஆம் ஆண்டுக்குப் பின் ஃபுக்குடாவின் தரநிலை உயரவில்லை. அவருக்குப் பின்னர் பயிலத் தொடங்கிய ஆடவர் பலர் இக்காலத்தில் அவரைக் கடந்து சென்றனர். திறமையை அளந்து நிறுத்திய தடையாக அன்றி, பெண் என்பதனாலேயே விதிக்கப்பட்ட தடையாக இது இருந்தது.

அமெரிக்காவில் பெண்ணுரிமை இயக்கம் வலுப்பெற்றிருந்த காலத்தில் இவ்வழக்கத்தை எதிர்த்துக் கோடோகனுக்குக் கடிதங்கள் அனுப்பும் இயக்கம் தொடங்கப்பட்டது. அதன் விளைவாக 1972 ஆம் ஆண்டில் ஃபுக்குடா 6 ஆம் டான் பெற்றார். 5 ஆம் டானிலிருந்து இந்த ஒரு படி ஏறுவதற்கு அவருக்கு 19 ஆண்டுகள் தேவைப்பட்டன.

அதன்பின் பெற்ற உயர்வுகள் பின்வருமாறு:

1994 – கோடோகன் வழங்கிய சிவப்புப் பட்டியைப் பெற்ற முதற் பெண் ஆனார்.
2001 – ஐக்கிய அமெரிக்க ஜூடோக் கூட்டமைப்பு 9 ஆம் டான் வழங்கியது.
2006 – சனவரி 8 ஆம் நாள் நடைபெற்ற புத்தாண்டு விழாவில் கோடோகன் 9 ஆம் டான் வழங்கியது. கோடோகன் இத்தரநிலையைப் பெண் ஒருவருக்கு வழங்கியது இதுவே முதன்முறை.
2011 – சூலை 28 ஆம் நாள் யுஎஸ்ஏ ஜூடோ அமைப்பு 10 ஆம் டான் வழங்கியது. செப்டம்பரில் ஐக்கிய அமெரிக்க ஜூடோக் கூட்டமைப்பும் அதே தரநிலையை வழங்கியது.

10 ஆம் டான் பெற்றபோது இவருக்கு வயது 98. உலகில் இத்தரநிலையைப் பெற்ற முதற் பெண் இவரே. ஆயினும் இது அமெரிக்க அமைப்புகளால் வழங்கப்பட்டதாகும். கோடோகன் தன் வரலாற்றில் 10 ஆம் டான் வழங்கிய 15 பேரும் ஆடவரே. பாட்டனார் வழியாக ஜூடோவின் தொடக்கத்தோடு தொடர்புடையவரும், கானோவின் நேரடி மாணவியுமாகிய இவரை, தாய் நிறுவனம் இறுதிப் படிக்கு முந்தைய படியிலேயே நிறுத்திக்கொண்டது.

இவருடைய வாழ்நாளிலேயே பெண்களுக்கான ஜூடோப் போட்டிகளும் வளர்ச்சி பெற்றன. பெண்களுக்கான முதல் உலக ஜூடோப் போட்டி 1980 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் நடைபெற்றது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் முறையான பதக்கப் போட்டியாயிற்று.

நூல்களும் ஆவணப்படமும்

ஃபுக்குடா எழுதிய பார்ன் ஃபார் தி மேட் என்னும் நூல் 1973 ஆம் ஆண்டில் வெளியானது. இது பெண்களுக்கான கட்டாப் பாடநூலாகும். ஜூ-நோ-கட்டாவைப் பற்றிய மற்றொரு நூல் 2004 ஆம் ஆண்டில் வெளிவந்தது. யூரிக்கோ காமோ ரோமர் இயக்கிய மிசஸ் ஜூடோ என்னும் ஆவணப்படம் (2012) இவருடைய வாழ்க்கையைக் கூறுகின்றது. ஜப்பானிய அரசு 1990 ஆம் ஆண்டில் புனிதப் பொருள் விருதின் நான்காம் வகுப்பை வழங்கி இவரைச் சிறப்பித்தது.

மறைவு

முதுமையில் நடப்பதற்குத் துன்பமுற்ற காலத்திலும் ஃபுக்குடா பயிற்சிக்கூடத்துக்கு வந்து, நாற்காலியில் அமர்ந்தவாறு மாணவரின் அசைவுகளைத் திருத்தி வந்தார். 2013 பெப்ரவரி 9 ஆம் நாள், நூறு வயது நிறைவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இருந்த நிலையில், சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். அவருடைய மறைவுடன் ஜிகோரோ கானோவிடம் நேரில் பயின்ற தலைமுறை முடிவுற்றது. அவருடைய மறைவுக்குப் பின்னரும் சோகோ ஜோஷி ஜூடோக் கழகத்தின் பணியை மாணவர்கள் தொடர்ந்தனர்.

இவற்றையும் பார்க்க

ஜூடோ
ஜிகோரோ கானோ
கோடோகன்
ஒலிம்பிக்கில் ஜூடோ