மணிக்கூட்டுக்குக் காசு சேர்த்தது யார்?

போன மாரியில ஒரு நாள் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. கல்முனையில் இருந்து சொறிக்கல்முனைக்குத் திரும்ப வேண்டிய நாங்கள் நாலு பேர் ஒரு தேத்தண்ணிக் கடையில் மாட்டிக்கொண்டோம். எங்களில் ஒருத்தன் ஃபோனில் ஒரு சுவிஸ் மணிக்கூட்டின் படத்தைக் காட்டினான். விலை மூன்று லட்சம். "மாசம் எவ்வளவு ஒதுக்கினா இத வாங்கலாம் மச்சான்?" என்று கேட்டான்.

கணக்குப் போட்டோம். சம்பளத்தில வீட்டுக்குக் கொடுக்கிறது, மோட்டார் சைக்கிள் லீசிங், ஃபோன் காசு, பெற்றோல் எல்லாம் கழிச்சா மிஞ்சிறது 4,000 ரூபா. அதை அப்படியே எடுத்து வைச்சாலும் 75 மாசம், அதாவது ஆறு வருஷத்துக்கு மேல. எல்லாரும் சிரித்தோம். பக்கத்து மேசையில் இருந்த வயசான காக்கா ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. தன்ட கையைத் தூக்கிக் காட்டினார். பழைய சீக்கோ. "தம்பிமாரே, இத நான் வாங்கல்ல. என்ட உம்மா சீட்டுக் கட்டி எடுத்துத் தந்த" எண்டார்.

அந்த ஒரு வசனம் எங்களை விடவில்லை. சாதாரண ஆக்கள் விலை கூடின மணிக்கூட்டை எப்படி வாங்கினார்கள் என்று தேடத் தொடங்கினோம். தேடத் தேட, கட்டியிருக்கிற கையை விட காசு சேர்த்த கைதான் கதையில் பெரிதாகத் தெரிந்தது.

முதலில் இங்கிலாந்துக்குப் போய் வருவோம்

கூட்டாகக் காசு போட்டு மணிக்கூடு வாங்குவது எங்கட ஊருக்கு மட்டும் உரிய பழக்கம் என்று நினைத்திருந்தோம். அப்படி இல்லை. ஆங்கிலேய வரலாற்றாசிரியர் இ. பி. தொம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, தொழிற்சாலைகள் வந்தபோது மனிதர்களுக்கும் நேரத்துக்கும் உள்ள உறவு எப்படி மாறியது என்று பேசுகிறது. அங்கே தொழிலாளர்கள் மணிக்கூடு வாங்கியதையும் அவர் சொல்கிறார். கையில் கொஞ்சம் காசு சேர்ந்த நல்ல காலத்தில் மணிக்கூடு வாங்குவார்கள். வேலை இல்லாத காலத்தில் அதை விற்பார்கள், இல்லாவிட்டால் அடகு வைப்பார்கள். வங்கிக்குள் கால் வைக்காத ஏழைக்கு மணிக்கூடே வங்கியாக இருந்திருக்கிறது.

ஒரேயடியாகக் காசு கொடுக்க முடியாதவர்கள் சங்கம் கூடினார்கள். எல்லாரும் தவணைக்குத் தவணை கொஞ்சம் போடுவார்கள். சேர்ந்த காசில் ஒவ்வொருவராக மணிக்கூடு எடுப்பார்கள். எங்களுக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. இது எங்கட சீட்டுத்தானே!

1797இல் பிரித்தானியப் பிரதமர் வில்லியம் பிட், யுத்தச் செலவுக்காக மணிக்கூடுகளுக்கு வரி போட்டார். தங்க மணிக்கூட்டுக்கு வருஷம் 10 ஷில்லிங், வெள்ளி மற்றும் மலிந்த உலோக மணிக்கூடுகளுக்கு இரண்டரை ஷில்லிங். மணிக்கூடு செய்கிறவர்களின் தொழில் படுத்துவிட்டது. அடுத்த வருஷமே வரியைக் கைவிட்டார்கள். பணக்காரர் வீட்டில் மட்டும் இருந்த பொருள் என்றால் மலிந்த உலோகத்துக்கும் வரி போட்டிருக்கத் தேவையில்லை. அந்தக் காலத்திலேயே அது சாதாரண ஆக்களின் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது.

எங்கட பக்கத்து வங்கி

இலங்கைக்கு மணிக்கூடு ஐரோப்பியரோடு வந்தது. சிங்களத்தில் மணிக்கூட்டைச் சொல்கிற 'ஒரலோசுவ' என்ற சொல்லே ஒல்லாந்தர் விட்டுப்போனதுதான். வங்கிகளும் அப்படி வெளியில் இருந்து வந்தவைதான். இலங்கைச் சேமிப்பு வங்கி 1832இல் தொடங்கியது. தபாலகச் சேமிப்பு வங்கி 1885இல் வந்தது. இவை இரண்டும் சேர்ந்து 1972இல் தேசிய சேமிப்பு வங்கி ஆகின. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் உண்டியல் தந்து புத்தகம் திறந்தார்கள்.

ஆனால் எங்கட அம்மம்மாமாருக்கும் மூத்தம்மாமாருக்கும் வங்கி என்பது சீட்டுத்தான். சட்டமும் அதைக் கவனித்திருக்கிறது. பிரித்தானியர் காலத்திலேயே, 1935இல், சீட்டுகளை ஒழுங்குபடுத்த ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அரசாங்கம் சட்டம் போடுகிற அளவுக்கு சீட்டில் காசு புழங்கியிருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். 20 பேர் சேர்ந்து மாசம் 3,000 ரூபா போட்டால் ஒவ்வொரு மாசமும் 60,000 சேரும். குலுக்கல் சீட்டில் யாருடைய பெயர் விழுகிறதோ அவருக்கு அந்த மாசக் காசு. 20 மாசத்தில் எல்லாருக்கும் ஒரு தடவை கிடைக்கும். ஏலச் சீட்டில், அவசரமாகக் காசு தேவைப்படுகிறவர் கழித்துக் கேட்பார். 52,000 போதும் என்று ஒருத்தர் எடுத்தால், மிச்சம் 8,000த்தை 20 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 400. வட்டியோடு சம்பந்தப்படக் கூடாது என்று நினைக்கிற முஸ்லிம் குடும்பங்கள் கழிவு இல்லாத குலுக்கல் சீட்டைத்தான் விரும்பும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதல் மாசம் எடுக்கிறவருக்குச் சீட்டு ஒரு வட்டியில்லாக் கடன். கடைசி மாசம் எடுக்கிறவருக்கு அது சேமிப்பு. நடுவில் இருக்கிறவர்களுக்கு இரண்டும் கலந்தது. ஒரு கொப்பியும் ஒரு பேனையும், பொறுப்பெடுத்து நடத்துகிற ஒரு பெண்ணும் இருந்தால் போதும். அவ வீட்டு வாசலில்தான் வங்கி. பிணை என்று யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை. காசு கட்டாவிட்டால் நாளைக்கு அந்த வாசலைத் தாண்டிப் போக முடியாது. அதுதான் பிணை.

எங்கட பக்கத்தில் காசு மாசாமாசம் வருவதில்லை. வெள்ளாமை வெட்டினால்தான் வரும். வருஷத்தில் இரண்டு போகம். இடையில் சீட்டுக்காசு எங்கிருந்து வந்தது? உலையில் போடுகிற அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைப்பது, கோழிமுட்டை விற்பது, பன்பாய் இழைப்பது, மருதமுனைப் பக்கம் என்றால் தறியில் நெய்வது. இவை எல்லாம் பெண்கள் செய்த வேலை. அந்தக் காசு பெரும்பாலும் போனது தாலிக்கொடிக்கும், தோட்டுக்கும், மகளுக்குக் கட்டுகிற வீட்டுக்கும். இடையில் ஒரு சீட்டு மகனின் மணிக்கூட்டுக்கோ மாப்பிள்ளையின் மணிக்கூட்டுக்கோ போகும்.

அரபியில் வெள்ளிக்கிழமை

1970இல் இருந்து 1977 வரை இலங்கையில் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு. வெளிநாட்டுச் சாமான் எதுவும் இலேசில் கிடைக்காது. பக்கத்து இந்தியாவில் அரசாங்கமே மணிக்கூடு செய்தது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து எச்.எம்.டி. 1961இல் பெங்களூரில் தொடங்கியது அந்த வேலையை. பிறகு 1980களில் தமிழ்நாட்டு அரசின் நிறுவனமான டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து ஒசூரில் டைட்டன் தொடங்கினார்கள். எங்கட பக்கத்துக்கு மணிக்கூடு வந்த வழி வேற.

1973இல் எண்ணெய் விலை ஏறியது. வளைகுடா நாடுகளில் கட்டடங்கள் எழும்பின, ஆள் தேவைப்பட்டது. 1977இல் இலங்கை பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. வெளியே போகவும் வெளியில் இருந்து கொண்டுவரவும் வழி திறந்தது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது என்று ஊர் ஊராக ஆக்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் போனார்கள். திரும்பி வரும்போது கசட் ரேடியோ, சென்ட் போத்தல், கையில் சீக்கோ.

சீக்கோ 5 என்ற வரிசை 1963இல் ஜப்பானில் வந்தது. பேட்டரி வேண்டாம், சாவி கொடுக்க வேண்டாம், கை ஆட ஆட ஓடும். திகதியும் கிழமையும் ஒரே ஜன்னலில் தெரியும். வளைகுடாச் சந்தைக்கு வந்தவற்றில் கிழமை ஆங்கிலத்தோடு அரபியிலும் இருந்தது. தேத்தண்ணிக் கடைக் காக்காவின் மணிக்கூட்டிலும் அப்படித்தான். சீக்கோ உலகத்துக்கு ஆடம்பரம் இல்லை. ஆனால் கூலிக்கு வயல் வெட்டுகிற வீட்டுக்கு அது ஆடம்பரம்தான்.

ஆடம்பரம் என்பதே இடம் மாறிக்கொண்டிருக்கிற ஒன்று. இதே சீக்கோ 1969 டிசம்பர் 25ஆம் திகதி உலகத்தின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. விலை 4,50,000 யென். அன்றைக்கு ஒரு டொயோட்டா கொரோலா காரின் விலையும் கிட்டத்தட்ட அதுதான். பத்துப் பதினைஞ்சு வருஷத்தில் குவார்ட்ஸ் மணிக்கூடு பெட்டிக்கடைச் சாமான் ஆகிவிட்டது. அந்த அடியில் சுவிஸ் மணிக்கூட்டுத் தொழிலில் இருந்த 90,000 பேர் அளவிலான வேலையாட்கள் 1980களில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். சரியான நேரம் காட்டுவதில் மலிவான மணிக்கூட்டை வெல்ல முடியாது என்று தெரிந்த பிறகு சுவிஸ்காரர் கௌரவத்தை விற்கத் தொடங்கினார்கள். எங்கட நண்பன் ஃபோனில் காட்டிய மூன்று லட்சம் அந்தக் கௌரவத்தின் விலை.

கட்டாத கை

வெளிநாடு என்றால் ஆம்பிளைகள் போனது என்றுதான் எங்கட ஊர்க் கதைகள் சொல்லும். எண்கள் வேறு கதை சொல்கின்றன. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டமாகிப் பத்து வருஷத்துக்குள், 1990களின் நடுப்பகுதியில், இலங்கையில் இருந்து வேலைக்குப் புறப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பெண்கள். பெரும்பாலும் வீட்டுவேலைக்கு. எங்கட குழுவில் இரண்டு பேரின் தாய்மார் அப்படிப் போனவர்கள். ஒருவரின் அம்மா போவதற்கே காதில் கிடந்ததை ஈடு வைத்தா. இரண்டு வருஷம் கழித்து வரும்போது தம்பிக்கு, அதாவது எங்கட நண்பனின் மாமாவுக்கு, ஒரு மணிக்கூடு கொண்டுவந்தா. "உங்களுக்கு ஏனம்மா வாங்கல்ல?" என்று இப்ப கேட்டோம். "எனக்கென்னத்துக்கு மனே, அங்க முழுநாளும் தண்ணிக்குள்ளதானே கை" என்றா.

இந்தப் பதிலை எழுதும்போது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. மணிக்கூட்டின் வரலாறு என்று எந்த நிறுவனம் எப்போது எதைச் செய்தது என்றுதான் முதலில் குறிப்பு எடுத்து வைத்திருந்தோம்.

சீட்டும் கடனும்

சீட்டைப் புகழ்ந்துவிட்டுப் போக இந்தக் கட்டுரையை எழுதவில்லை. காசைச் சுருட்டிக்கொண்டு ஓடினவர்களும் உண்டு. முதலில் எடுத்துவிட்டுக் கட்டாமல் விட்டவர்களால் குடும்பங்கள் கதையில்லாமல் போனதும் உண்டு. விலைவாசி ஏறினால் கடைசியில் எடுக்கிறவருக்குத்தான் நட்டம். 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து இரண்டு மூன்று மாசத்தில் 360 ஆனது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அந்த வருஷம் 20ஆவது ஆளாகச் சீட்டெடுத்தவருக்குக் கிடைத்த 60,000த்தில், சேரும்போது நினைத்த சாமானில் பாதிதான் வாங்கலாம். சுனாமி நாளில் அலுமாரியோடு போன காசுக்கும் நகைக்கும் கணக்கே இல்லை.

ஆனாலும் சீட்டில் ஒரு எல்லை இருந்தது. உன்னால் கட்ட முடிந்த அளவுக்கு மேல் யாரும் உன்னைச் சேர்க்கமாட்டார்கள். உன் வீட்டு நிலைமை சேர்ந்த எல்லாருக்கும் தெரியும். யுத்தம் முடிந்த பிறகு வடக்கிலும் கிழக்கிலும் வீடு வீடாக வந்த நுண்கடனுக்கு அந்த எல்லை இருக்கவில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்த பெண்களின் நிலைமை முற்றி, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் அவர்களின் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கடன்களை 2018இல் அரசாங்கம் பொறுப்பெடுக்க வேண்டி வந்தது. மத்திய வங்கி நுண்கடன் கம்பனிகளுக்கு விதித்த வட்டி உச்சம் 35 வீதம். உச்சமே அவ்வளவு என்றால் அதற்கு முன் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

இப்ப எங்கட வயசு ஆக்களிடம் "மூன்று தவணையில் கட்டுங்க" என்று ஃபோனே சொல்கிறது. யாரும் வாசலில் நின்று கேட்கப்போவதில்லை, அதனால் இலேசாக இருக்கிறது. எவ்வளவு தாங்கும் என்று எச்சரிக்கவும் யாரும் இல்லை.

கொப்பியைத் தேடுங்கள்

எங்கட நண்பன் அந்த மணிக்கூட்டை வாங்கவில்லை. வேண்டாம் என்றும் முடிவெடுக்கவில்லை. ஆசைப்படுவது பிழை என்று நாங்களும் சொல்லமாட்டோம், ஏழை வீட்டுப் பிள்ளை மட்டும் ஏன் ஆசையை அடக்க வேண்டும்? அவன் வீட்டில் போய்க் கேட்டிருக்கிறான். அம்மா இப்பவும் ஒரு சீட்டுப் போடுறா. அந்தக் காசு தங்கச்சியின் கம்பஸ் செலவுக்கு. இவ்வளவு நாளும் அவனுக்கு அது தெரியாது. இப்ப லீசிங் முடியிற மாசத்தை எண்ணிக்கொண்டிருக்கிறான். முடிந்தால் அந்தக் காசில் தானும் ஒரு பெயர் கொடுக்கப் போறானாம், கடைசி ஆளாக.

தேத்தண்ணிக் கடைக் காக்காவிடம் போகும்போது கேட்டோம், உம்மா மணிக்கூடு கட்டினாவா என்று. இல்லையாம். பாங்கு சொன்னால் அவவுக்கு நேரம் தெரியும். சொறிக்கல்முனையில் எங்கட அம்மம்மாவுக்கு திருச்சிலுவைக் கோயில் மணி கேட்டால் தெரிவதுபோல.

அவ சீட்டுக் கணக்கு எழுதின கொப்பி இருக்கா என்றும் கேட்டோம். அது எப்பவோ போயிட்டுதாம். எந்தச் சுவடிக்கூடத்திலும் அந்தக் கொப்பிகள் இல்லை. உங்கட வீட்டு அலுமாரியில், சமையலறை ராக்கையில் அப்படி ஒரு கொப்பி கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். எழுதினவ இருக்கும்போதே பக்கத்தில் இருந்து, எந்த மாசக் காசு எதுக்குப் போனது என்று கேட்டு எழுதி வையுங்கள்.