பரங்கிமலைச் சிலுவையும் மாமல்லபுரத்துச் சாபமும்

மாமல்லபுரத்திற்குச் செல்லும் நண்பர்களுள் பலரும் கடற்கரைக் கோயிலையும் அருச்சுனன் தபசையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். கணேச ரதத்திலும் தர்மராஜ மண்டபத்திலும் உள்ள வடமொழிக் கல்வெட்டுகளின் இறுதியில் ஒரு சாபம் பொறிக்கப்பட்டிருப்பதைக் கவனிப்போர் சிலரே. தீநெறியில் செல்வதிலிருந்து விடுவிக்கும் உருத்திரன் எவர் நெஞ்சில் குடியிருக்கவில்லையோ, அவர்களை ஆறு முறை பழிக்கும் செய்யுள் அது. ஆதிவராகர் குகையிலும் இராமாநுஜ மண்டபத்திலும் அதே செய்யுள் மீண்டும் வருகிறது. பல்லவ அரசு கல்லில் எழுதிய தீர்ப்பு அது: நம்பாதவன் இகழ்ச்சிக்குரியவன்.

அங்கிருந்து கடலோரமாகவே வடக்கு நோக்கி வந்தால், ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில் பரங்கிமலை. இன்று சென்னை மாவட்டத்தில் இருப்பினும், நெடுங்காலம் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர் இது. 1547ஆம் ஆண்டு மலையுச்சியில் கோயில் எழுப்பப் போர்த்துகீசியர் நிலத்தைத் தோண்டியபோது, சிலுவை செதுக்கிய கற்பலகை ஒன்று வெளிப்பட்டது. அதன் விளிம்பில் வளைவாக ஓடும் எழுத்துகளை எவராலும் படிக்க இயலவில்லை.

படிக்க இயலாத எழுத்துக்கும் பொருள் கிடைத்துவிடும் என்பதே வரலாற்றின் வேடிக்கை. 16ஆம் நூற்றாண்டில் கற்றறிந்த அந்தணர் ஒருவரிடம் காட்டியபோது, அவர் இறைமகனின் பிறப்பையும் தோமையாரின் மரணத்தையும் கூறும் நெடுங்கதை ஒன்றை அச்சிறு கல்வெட்டிலிருந்து வருவித்தார். கேட்டவர்கள் மகிழ்ந்தனர், அவர்கள் கேட்க விரும்பியதும் அதுவே. 1873இல் அறிஞர் பர்னெல், அது பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்து என்று எடுத்துக்காட்டினார். எனினும் சிலுவைத் தண்டனையையும் கிறிஸ்துவின் மேன்மையையும் அறிவிக்கும் இறையியல் வாசகமாகவே அவரும் அதைப் படித்தார். 1929இல் விங்க்வொர்த் வெளியிட்ட வாசிப்பு இவற்றை மாற்றியமைத்தது. கிறிஸ்துவே, இக்கல்லை அமைத்த இன்னாருடைய மகன் இன்னார்மேல் இரக்கம் வையும் என்பதே அதன் சாரம். அம்மனிதரின் பெயரைப் பின்வந்த அறிஞர்கள் வேறுவேறாகப் படிக்கின்றனர். இரக்கத்தை வேண்டும் குரலில் மட்டும் பெரிய மாற்றமில்லை.

ஆக, அங்கே தோமையாரும் இல்லை, தத்துவமும் இல்லை. கடல் கடந்து வணிகம் நடந்த காலத்தில், ஏறத்தாழ 7 முதல் 9ஆம் நூற்றாண்டுக்குள், தன் குறையை உணர்ந்த ஒரு மனிதரின் மன்றாட்டு மட்டுமே இருக்கிறது.

லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் ஆலயத்திற்குச் செல்லும் இருவரை இங்கே நினைவுகூரலாம். ஒருவன் தன் நோன்பையும் காணிக்கையையும் பட்டியலிடுகிறான். வரி வசூலிப்பவனோ தொலைவில் நின்று, மார்பில் அறைந்துகொண்டு, பாவியாகிய தன்மேல் இரங்குமாறு மட்டும் கேட்கிறான். நீதிமானாக வீடு திரும்பியவன் இரண்டாமவனே. பாவத்தை ஒப்புக்கொள்வதே நம்பிக்கையின் முதற்படி என்பது அக்கதையின் உட்பொருள். முதலாமவனின் உறவினரை மாமல்லபுரத்திலேயே காணலாம்: தபசுச் சிற்பத்தில் கைகளை உயர்த்தித் தவம் செய்யும் பூனையும், அதன் காலடியில் எலிகளும்!

மலையோடு பிணைக்கப்பட்ட தோமையார் கதையும் இதையே கூறுகிறது. யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில், ஆணித் தழும்பில் விரலை இட்டாலன்றி நம்பேன் என்கிறார் அவர். எட்டு நாள் கழித்து இயேசு அவரைச் சபிக்கவில்லை; தழும்பைத் தொட்டுப்பார்க்க அழைக்கிறார். காணாமலே நம்புவோரைப் பேறுபெற்றோர் என்று போற்றினாலும், ஐயுற்றவரைக் கூட்டத்திலிருந்து விலக்கவில்லை.

இவ்வாறு கூறுவதால் சைவம் சபிப்பது, கிறிஸ்தவம் இரங்குவது என்று எவரும் முடிவுகட்ட வேண்டாம். தம் பிழைகளைச் சொல்லி அழுத நாயன்மார்கள் நம்மிடையே உண்டு. நம்பாதோரை எரித்த விசாரணை மன்றங்கள் ஐரோப்பாவிலும் கோவாவிலும் இருந்தன. வேறுபாடு சமயத்தில் இல்லை, குரலில் இருக்கிறது. அதிகாரம் பேசும்போது பாவி எப்போதும் மற்றொருவன். தனிமனிதன் வேண்டும்போது பாவி அவனே.

கல்வெட்டு ஆர்வலர்களாகிய நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நாம் விரும்பும் பொருளைக் கல்லின்மேல் ஏற்றுவதும் ஒருவகைப் பாவமே. அடுத்தமுறை மாமல்லபுரம் செல்லும் நண்பர்கள், திரும்பும் வழியில் பரங்கிமலையும் ஏறி, பீடத்திலுள்ள அச்சிலுவையைக் கண்டு வரவேண்டும். நான்கு நூற்றாண்டுகள் தவறாகப் படிக்கப்பட்ட பின்னும் அக்கல் பொறுமையுடன் அதே வேண்டுதலைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.